கதவு வைக்காத வீடு

காலையில் சரியண்ணனிடம் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவார். இதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய மகள். கணக்குப் படிப்பை விட்டுவிட்டு அழகு நிலையத்தில் வேலைக்குச் சேரட்டுமா என்று அவள் கேட்டது ஒரு காலையில்தான். மைத்துனன் ரெண்டே நாளில் தருகிறேன் என்று சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனதும் ஒரு காலையில்தான். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை. வாடகை வீட்டின் சொந்தக்காரர் மாடிப்படிக்குக் கீழே இவர்கள் சாமான் வைத்திருந்த இடத்தில் தன் கோழிக்கூண்டைக் கொண்டுவந்து வைத்ததும் அப்படித்தான். சாயங்காலம் விழித்ததும், "யார்றா இங்க கோழியக் கொண்டாந்து வெச்சது?" என்று சரியண்ணனே கத்தினார்.

"நீங்கதான் சரின்னீங்க" என்றாள் மனைவி.

கோழி மட்டும் ஒன்றும் சொல்லாமல் அவரைப் பார்த்தது.

அவருக்கு வேறு பெயர் உண்டு. அவர் இரவு வேலை பார்க்கும் ஐஸ் ஆலையில் அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். படகுக்காரன் கேட்டாலும் சரி, கணக்குப்பிள்ளை கேட்டாலும் சரி, விடியும் நேரத்தில் அவர் வாயில் வருவது அந்த ஒரே சொல்தான். இரவு முழுக்க கம்ப்ரஸர் காதுக்குள் உலக்கை குத்துகிறது. கரைக்கே வியர்க்கிற ஊரில் இவர் மட்டும் கம்பளிக் குல்லாயும் ஸ்வெட்டருமாக உப்புத்தண்ணீர்த் தொட்டிமேல் நடக்கிறார். உறைந்த ஐஸ் டப்பாக்களைச் சங்கிலியில் மாட்டித் தூக்க வேண்டும், சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்க வேண்டும், கவிழ்க்க வேண்டும். பாளம் கழன்று, கண்ணாடி யானை மாதிரி சறுக்கிக்கொண்டு அரவை இயந்திரத்துக்குப் போகும். அம்மோனியா லேசாகக் கசிந்தாலும் மூக்கைக் கிள்ளும். அது கிள்ளாத நாளில்தான் பயப்பட வேண்டும், மூக்கு செத்துவிட்டது என்று. இதையெல்லாம் முடித்துக்கொண்டு வெளியே வருகிறவனுக்குக் காலை என்பது அடுத்தவன் தின்றுவிட்டு வைத்த எச்சில். அதில் வாதாட என்ன இருக்கிறது? சரி என்றால் சீக்கிரம் விடுவார்கள். விட்டால் தூங்கலாம்.

தூங்கிவிட்டால் அவரை எழுப்ப முடியாது. ஒருமுறை அடுத்த வீட்டில் அடுப்புத் தீ பரவி, தெருவே குடமும் வாளியுமாக ஓடியிருக்கிறது. எல்லாம் அணைந்த பிறகு சாயங்காலம் எழுந்து, "என்ன, தெருவெல்லாம் ஈரமா இருக்கு? மழையா?" என்று கேட்ட மனுஷன்.

ஆனால் அந்தத் தூக்கத்துக்குச் சத்தம் வேண்டும். கம்ப்ரஸர் பழகிய காதுக்கு அமைதி ஆகாது. வீட்டில் ஒரு பழைய மேசை மின்விசிறி; முன்வலை கழன்று கடகடவென்று அடித்துக்கொண்டே சுற்றும். ரிப்பேர் செய்கிறேன் என்று யாராவது வந்தால் மனைவி விரட்டிவிடுவாள்.

மனைவி இறால் கொட்டகையில் உரிக்கிறவள். நீளமான தகர மேசை, இரண்டு பக்கமும் பெண்கள், காலில் ரப்பர் பூட்ஸ், தரையில் எப்போதும் ஓடும் தண்ணீர். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் கீறி, கறுப்பு நரம்பை இழுத்து எறிய வேண்டும். கொட்டகை கடலை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் கடல் பக்கம் ஜன்னல் கிடையாது. வெயில் பட்டால் சரக்கு கெடும் என்று சுவராகவே எழுப்பிவிட்டார்கள். கல்யாணமான மறுமாதத்திலிருந்து அவள் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறாள்.

அந்தக் கொட்டகையில் ஒரு நடைமுறை உண்டு. மேசையில் வெளிச்சம் விழுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். யாருடைய இடம் எது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. வேலை முடிந்து போகும்போது அவரவர் அலுமினிய பேசினைத் தன் இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். கவிழ்த்த பேசினை இன்னொருத்தி தொட மாட்டாள். பிரசவத்துக்குப் போனவளின் பேசின்கூட அவள் திரும்பி வரும்வரை அங்கேயே கிடக்கும். மேஸ்திரி ஒருமுறை ஒரு பேசினை நகர்த்திவிட்டு, அன்று முழுக்க ஒரு இறாலும் உரிபடாமல் ஐஸ் உருகுவதை நின்று பார்த்தார்.

கடற்கரையோரம் புதிதாக வீடுகள் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் பார்க்கப் போனது ஒரு விடுமுறை நாளில். அப்போது அஸ்திவாரம்தான். முன்வரிசை கடலைப் பார்த்தது, பின்வரிசை முன்வரிசையின் முதுகைப் பார்த்தது. விற்பனை ஆபீஸிலிருந்து வந்தவர் வெள்ளைச் சட்டையும் நீலக் கழுத்துப்பட்டையும் போட்டிருந்தார். அந்த வெயிலில் கழுத்துப்பட்டை கட்டியிருந்த ஒரே காரணத்துக்காக மனைவி அன்றே அவருக்கு டைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள். அவர் வரைபடத்தை விரித்து, சமுதாயக்கூடம் இங்கே, நடைபாதை அங்கே என்று காட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையின் கடைசி அஸ்திவாரத்தில், செங்கல் அடுக்கில் சாய்ந்து, பட்டப்பகலில், கண்ணுக்கு ஒரு துணிகூடக் கட்டாமல், சரியண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கடல் அவருக்கு எதிரே உலக்கை குத்திக்கொண்டிருந்தது.

"இந்த வீடுதான்" என்றாள் மனைவி.

"மேடம், பின்வரிசையில இதைவிட விலை—"

"இவரு தூங்கற இடம்தான் எங்க வீடு. சீட்ட எழுதுங்க."

மறுநாள் அவள் தன் பழைய பேசினைக் கொண்டுபோய் அந்த அஸ்திவாரத்தின் மூலையில் கவிழ்த்து வைத்தாள். கொத்தனார்கள் சிரித்தார்கள். ஆனால் அவர்களில் பாதிப்பேரின் வீட்டுப் பெண்கள் அதே கொட்டகையில்தான் உரிக்கிறார்கள். தளம் போடும்போது பேசினை எடுத்துச் சாரத்தில் மாட்டினார்கள். தளம் காய்ந்ததும் இறக்கி அதே மூலையில் கவிழ்த்தார்கள். சுவர் பூசியபோதும் அப்படியே, வெள்ளையடித்தபோதும் அப்படியே. பேசின்மேல் சுண்ணாம்பு சொட்டி, ஏதோ பறவை எச்சமிட்ட மாதிரி ஆகிவிட்டது. வீடு அதைச் சுற்றி எழுந்தது.

வீடு முடியும் தறுவாயில்தான் அந்தக் காலை வந்தது.

ஆலை வாசலில் டைக்காரர் நின்றிருந்தார். அந்த நேரத்தில் அவரை அங்கே பார்த்தது கனவு மாதிரிதான் இருந்தது. "வாங்க சார், ஒரு டீ சாப்பிடலாம்" என்று தோளில் கைபோட்டு அழைத்துப்போனார். டீயில் சர்க்கரை அதிகம். சரியண்ணன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"சார், உங்களுக்கு ஒரு நல்ல சேதி. பின்வரிசையில ஒரு வீடு காலியாயிருக்கு. உங்க வீட்டவிட ஒரு அறை ஜாஸ்தி. கூடுதலா ஒண்ணும் தர வேணாம். அப்படியே மாத்திக்கலாம்."

"ம்ம்."

"உப்புக்காத்து நேரா அடிக்காது. சுவரு நிக்கும். வயசான காலத்துல உங்களுக்கு அதுதான் நல்லது."

"ம்ம்."

"அப்ப சரிதானே சார்?"

"சரி" என்றார் சரியண்ணன்.

பேனா எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டார். பிறகு வீட்டுக்கு வந்து, விசிறியைத் தட்டிவிட்டுப் படுத்தார்.

சாயங்காலம் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. வாயில் நுரையோடு நின்றார். துப்பிவிட்டு உள்ளே வந்தார். மனைவி கொட்டகையிலிருந்து வந்து, எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இறால் ஓடு குத்திக் குத்தி அவள் விரல் நுனியெல்லாம் சல்லடைக் கண். மகள் சுவரோரம் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"கோழியா, சைக்கிளா?" என்றாள் மகள்.

"வீடு."

எலுமிச்சைத் தோல் நின்றது. அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"பின்வரிசையில எந்த வீடு?" என்று கேட்டாள் மனைவி.

"அது... கேக்கல."

"நான் சொல்றேன். காலியா கெடக்கறது ஒண்ணே ஒண்ணுதான். கழிவுத்தண்ணி பம்ப்பு ரூமுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவுல. வாங்கறவன் எல்லாம் எட்டிப் பாத்துட்டு மூக்கப் பொத்திட்டு ஓடற வீடு. அதுல ஒரு அறை ஜாஸ்தியாம். மூக்கப் பொத்திட்டு உக்கார்றதுக்கு ஒரு தனி அறை!"

"எனக்குத் தூக்கக் கலக்கம்..."

"உங்களுக்குத் தூக்கக் கலக்கம். அந்த ஆளுக்கு என்ன கலக்கம்? நல்லா முழிச்சிட்டுத்தானே வந்து நின்னான்? சாயங்காலம் வந்து கேக்கறதுக்கு என்ன? என்கிட்ட வந்து கேக்கறதுக்கு என்ன? எவனோ சொல்லிக் குடுத்திருக்கான், காலையில போயிப் புடிங்க, கன்னுக்குட்டி மாதிரி பின்னாடியே வருவார்னு."

"அம்மா, நான் ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது" என்றாள் மகள்.

"கோவப்படற மாதிரி இருந்தா சொல்லாத."

"சொல்லித்தான் ஆகணும். முன்வரிசையில பக்கத்து வீடு யாரு தெரியுமா? மில் மேனேஜர். அதுக்கடுத்து கப்பல் கம்பெனிக்காரங்க. அவங்க வீட்டுப் பொம்பளைங்க எங்க பார்லருக்கு வர்றவங்க. நான் அவங்க கால் நகத்த வெட்டிட்டு, சாயங்காலம் பக்கத்து வாசல்ல போய் நின்னு சிரிக்கணுமா?"

"நீ நகம் வெட்டறப்ப சிரிக்கறியா அழறியா?"

"சிரிப்பேன்."

"வாசல்லயும் அதையே சிரி. ரெண்டு சிரிப்பா வெச்சிருக்க?"

மகள் சீப்பைத் தரையில் எறிந்தாள். "உனக்குப் புரியாதும்மா. வேணாம்னு சொல்றவங்களுக்கு நடுவுல போய் எதுக்கு இருக்கணும்?"

"வேணாம்னு அவங்க சொல்லல. டை கட்டினவன் சொல்றான். அவங்க சொன்னா நேர்ல சொல்லட்டும், கேட்டுக்கறேன்." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "உங்க ஒரு கையெழுத்து போதுமா?"

"உன்னதும் வேணும்னான். ரெண்டு பேர் பேர்லயும்தானே எழுதியிருக்கு."

"அப்ப வாங்கட்டும் பாக்கலாம். என் விரல்ல ரேகையே இல்ல. இறால் தின்னுடுச்சு. கையெழுத்துப் போடறதா இருந்தா நான் முழிச்சிட்டுத்தான் போடுவேன்."

அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன. அந்த வீட்டில் அவள் கோபத்தை அளக்க மூடிகளின் சத்தம் போதும்.

சரியண்ணன் சட்டையை மாட்டினார். வேலைக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. "நான் போய்ப் பேசிட்டு வரேன்" என்று பொதுவாகச் சொன்னார்.

விற்பனை ஆபீஸ் குளிர்ந்திருந்தது. குளிர் அவருக்குப் பழக்கம். ஆனால் அது வேலை செய்யாத குளிர். டைக்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய புட்டியை எடுத்து, காற்றில் இரண்டு தடவை பீய்ச்சினார். மல்லிகையும் மருந்தும் கலந்த மணம். அவர் அதைப் பழக்கத்தில் செய்தாரா, பார்க்கட்டும் என்று செய்தாரா என்று சரியண்ணனுக்குத் தெரியவில்லை. மனைவியின் மூடிச் சத்தம் ஞாபகம் வந்தது.

"சார், நான் மனசார உங்க பக்கம்தான்" என்றார் டைக்காரர். "உங்க மேல யாருக்கும் ஒண்ணுமில்ல. ஆனா முன்வரிசைக்காரங்க கொஞ்சம் யோசிக்கறாங்க. இறால் கொட்டகையில வேலை பாக்கறவங்க... துணி காயப்போடுவீங்க, காத்து அடிக்கும். வாடை இருக்கும்ல சார்? அதான். மத்தபடி தங்கமான மனுஷங்கன்னு நானே சொல்லியிருக்கேன். உங்க முன்வரிசை வீட்ட ஒரு பல் டாக்டர் கேட்டிருக்கார்."

"ஐஸ் ஆலையில ஏதுங்க வாடை?" என்றார் சரியண்ணன். "ஐஸுக்கு வாடையே கிடையாதே."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவர் காதில் விழுந்தது. ஒரே வாக்கியத்தில், தன்னை இந்தப் பக்கம் எடுத்துக்கொண்டு, பெண்டாட்டியைப் பம்ப்பு ரூம் பக்கம் தள்ளிவிட்டிருந்தார். இத்தனைக்கும் விடிகாலை இல்லை, சாயங்காலம். தூங்கி எழுந்து, முகம் கழுவி, முழு அறிவோடு சொன்னது.

டைக்காரர் தலையாட்டினார். "உங்களுக்கில்ல சார், உங்களுக்கு இல்லவே இல்ல."

சரியண்ணன் எழுந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயில் ஒரே ஒரு சொல்தான் எப்போதும் தயாராக இருந்தது. அதைப் பல்லால் கடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அதை அவரால் மனைவியிடம் அதிக நாள் மறைக்க முடியவில்லை. மறைக்கத் தெரியாதவர். அடுத்த வாரம், சாவி கொடுக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம், சாப்பிடும்போது சொன்னார். மகளும் இருந்தாள்.

மனைவி சோற்றைப் பிசைவதை நிறுத்தாமல் கேட்டாள். "ஐஸுக்கு வாடை இல்லேன்னீங்களா?"

"வாய் தவறி வந்துடுச்சு."

"இத்தன வருஷம் என் பக்கத்துல படுத்துட்டு, உங்களுக்கு மட்டும் ஐஸ் வாசனையாம். யோவ், உன் சட்டையத் தொவைக்கறவ நானு. கொட்டகைத் துணிய ஒரு தண்ணியில அலசிடலாம். உன் ஸ்வெட்டர் இருக்கே, செத்த எலியும் பெட்ரோலும் கட்டிப் புடிச்சுட்டுத் தூங்கற வாசனை."

மகள் சிரித்துவிட்டாள். புரையேறிவிட்டது. சரியண்ணனும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"நாளைக்கு எல்லாருக்கும் சாவி குடுக்கறாங்க" என்றாள் மனைவி. "நான் கையெழுத்துப் போடல. அதனால பழைய சீட்டு இன்னும் உயிரோடதான் இருக்கு. ஆனா அந்தப் பல் டாக்டர் குடும்பத்தோட வருவாராம், வீட்டப் பாக்க. கொத்தனார் பொண்டாட்டி சொன்னா. உள்ள ஆள் பூந்துட்டா அப்புறம் சீட்டாவது ஒண்ணாவது. நான் காலையிலயே போய் உக்காரப் போறேன். கொட்டகைக்கு லீவு."

"நான்?"

"நீங்க வேலைக்குப் போங்க. வந்து தூங்குங்க. முழிச்சிட்டிருந்தா ஆபத்து, யாராவது கேட்டா சரின்னுடுவீங்க."

அவர் கையைக் கழுவிக்கொண்டு, குல்லாயை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று திரும்பினார். "எங்க தூங்கறது?"

மனைவி அவரைப் பார்த்தாள். "அது உங்க இஷ்டம்."

மறுநாள் ஆலையிலிருந்து வெளியே வந்ததும் கால்கள் பழக்கத்தில் வாடகை வீட்டுப் பக்கம் திரும்பின. சரியண்ணன் அவற்றை இழுத்துக் கடற்கரைப் பக்கம் விட்டார். கண் எரிந்தது. மணல் ஷூவுக்குள் போனது. முன்வரிசை வீடுகள் எல்லாம் ஒரே வெள்ளையில், பல் தேய்த்த மாதிரி நின்றன. கதவுகள் முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தன; உப்புக்காற்றில் மரம் ஊதிப்போகாமல் இருக்கக் கடைசியில்தான் மாட்டுவது என்று விட்டிருந்தார்கள். தச்சர் ஒவ்வொரு வீடாக மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கடைசி வீட்டுக்குக் கதவு இன்னும் வைக்கவில்லை. நிலைப்படி மட்டும் கடலைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது.

உள்ளே மூலையில் இருந்த பேசினை மனைவி வாசலுக்குக் கொண்டுவந்து கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். கூடையில் சாப்பாடு. அவரைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"குல்லாயக் கழட்டுங்க. பாக்கறவங்க திருடன்னு நெனச்சுக்குவாங்க."

அவர் குல்லாயைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டார். நிலைப்படிக்குக் குறுக்கே, உள்ளே தலையும் வெளியே காலுமாக நீட்டிப் படுத்தார். சிமெண்டுத் தரை சில்லென்றிருந்தது. கடல் உலக்கை குத்தியது. கண்ணை மூடினார்.

தூக்கம் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, காலை நேரத்தில், படுத்த பிறகு, தூக்கம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் ஓடிவந்தது. மகள். வழியில் பார்த்தவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள்; இல்லாவிட்டால் வீட்டில் விசிறி சும்மா நிற்பதைப் பார்த்திருப்பாள். "அப்பாவுக்குத் தலகாணி இல்லாட்டி கழுத்துப் புடிச்சுக்கும்னு உனக்குத் தெரியாதாம்மா?" என்று அம்மாவைத் திட்டினாள். அவர் தலையைத் தூக்கி, அடியில் தலையணையைச் செருகினாள். பார்லர் எண்ணெய் மணத்தது. "நீ பார்லருக்குப் போகல?" என்று கேட்டாள் மனைவி. "போறேன், போறேன்" என்று சொல்லிவிட்டு மகள் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு கார் வந்தது. கதவுகள் சாத்தும் சத்தம், டைக்காரரின் குரல், அதற்குப் பின்னால் ஒரு ஆணும் பெண்ணும். பல் டாக்டரும் அவர் மனைவியும்.

"இது என்ன?" என்றார் டைக்காரர். "மேடம், நீங்க ஏன் இங்க? சார் ஏன் இங்க படுத்திருக்கார்?"

"ராத்திரி வேலை. பகல்ல தூங்கறார்."

"இங்கயா?"

"எங்க வீட்லதானே தூங்கணும். உங்க ஆபீஸ்லயா வந்து தூங்குவார்?"

"மேடம், உங்களுக்கு இன்னும் சாவியே குடுக்கல."

"கதவே வைக்காத வீட்டுக்குச் சாவி எதுக்குங்க?"

யாரோ மெல்லச் சிரித்தார்கள், தச்சராக இருக்கும். பக்கத்து வீட்டில் உளிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

பல் டாக்டர் மனைவியின் குரல் கேட்டது. "ஏங்க, இந்த வீடு காலியா இருக்குன்னுதானே சொன்னாங்க?"

"வணக்கம் மேடம்" என்றாள் மகள். சரியண்ணன் மூடிய கண்ணுக்குள் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். ஒரே சிரிப்பு, பார்லரில் சிரிப்பது. "போன வாரம் வந்தீங்கல்ல? பாதம் இப்ப எரியலயே?"

"அட, நீயா? நீ இங்க...?"

"எங்க வீடு மேடம். இவங்க எங்கம்மா. இவர் எங்கப்பா. எழுந்தா பேசுவார்."

ஷூ மணலில் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு பல் டாக்டர், "என்னங்க இது, ஆள் இருக்கற வீட்டக் காட்டறீங்க?" என்றார்.

"இல்ல டாக்டர், இவங்க பின்வரிசைக்கு மாத்திக்க ஒத்துக்கிட்டாங்க. சார் கையெழுத்தே போட்டுட்டார். மத்த வீட்டுக்காரங்களுக்கு ஒரு சின்ன... வாடை விஷயம்..."

"யாருக்கு?" என்று கேட்டாள் மனைவி. பேசினிலிருந்து எழுந்திருக்கவில்லை. "பேரச் சொல்லுங்க. மேனேஜர் வீட்டுக்கா, கப்பல்காரங்க வீட்டுக்கா? ரெண்டு வீட்டுக்கும் இறால் எங்க கொட்டகையிலேர்ந்துதான் போவுது. தட்டுல இருந்தா மணக்குது, வாசல்ல உக்காந்தா நாறுதா? இருக்கட்டும். நாறும்தான், நான் இல்லேங்கல. கொட்டகையில நின்னா நாறத்தான் செய்யும். அது போகாது. அதோடதான் இங்க இருக்கப் போறேன். துணியும் இங்கதான் காயப்போடுவேன், காத்து அடிக்கற பக்கம் பாத்து."

தூங்குகிறவன் எச்சில் விழுங்கலாமா என்று சரியண்ணனுக்குத் தெரியவில்லை. விழுங்கினார்.

"வா, போகலாம்" என்றார் பல் டாக்டர், தன் மனைவியிடம். "வாசல்ல ஆளத் தாண்டிட்டு நான் ஒரு வீட்டுக்குள்ள போக மாட்டேன்." அதில் நல்லெண்ணம் எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று தெரியவில்லை. கார்க் கதவு சாத்தியது. அவர் மனைவி மட்டும் கண்ணாடியை இறக்கி, "வியாழக்கிழமை வரேன்மா" என்று மகளிடம் சொன்னாள்.

டைக்காரர் போகவில்லை. காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. துணி உரசியது. அவர் சரியண்ணனின் காதோரம் குந்தியிருக்கிறார் என்று தெரிந்தது. அந்த மல்லிகை மருந்து மணம் வந்தது.

"அவர எழுப்ப முடியாதுங்க" என்றாள் மனைவி. "தெருவே எரிஞ்சப்ப எழுந்திருக்காதவரு."

"தூங்கறவங்கள எழுப்பிடலாம் மேடம். தூங்கற மாதிரி நடிக்கறவங்களத்தான் எழுப்ப முடியாது" என்றார் டைக்காரர். பிறகு குரலைத் தாழ்த்தினார். டீக்கடையில் கேட்ட அதே குரல், அதே சர்க்கரை. "சார். நம்ம பேசினதுதானே? நீங்க வாக்குக் குடுத்த மனுஷன். பின்வரிசை. ஒரு அறை ஜாஸ்தி. மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சரிதானே சார்?"

காலை நேரம். இரவு முழுக்க ஐஸ் தூக்கிய கை. கண் இமைக்குப் பின்னால் மணல். அந்தச் சொல் அடிவயிற்றிலிருந்து தானாகவே கிளம்பி வந்தது; ஒரு ஆயுள்காலப் பழக்கம், பாளம் சறுக்குகிற மாதிரி, தடையே இல்லாமல், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவி மூச்சுவிடுவதை நிறுத்தியது அவருக்குக் கேட்டது.

"முடியாது" என்றார் சரியண்ணன். கண்ணைத் திறக்கவில்லை.

"சார்?"

"முடியாது."

டைக்காரர் எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. "தூக்கத்துல உளர்றார்" என்றார்.

"இல்லீங்க" என்றாள் மனைவி. "முழிச்சிருந்தாத்தான் உளறுவார்."

"இத இப்படியே விட்டுட மாட்டாங்க மேடம். நான் நாளைக்கு மேலதிகாரியக் கூட்டிட்டு வருவேன்."

"வாங்க. காலையிலயே வாங்க. இங்கதான் தூங்கிட்டிருப்பார்."

காலடிகள் மணலில் தேய்ந்து போயின. மகள் மூக்கை உறிஞ்சினாள். அழுகையா, சளியா என்று கேட்கத் தோன்றவில்லை. கடல் பழைய கம்ப்ரஸர் மாதிரியே ஓடிக்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல உடம்பின் ஒவ்வொரு மூட்டாகக் கழன்று, தரையில் இறங்க ஆரம்பித்தது.

தச்சர் கதவைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றார். "ஐயா" என்றார். "காலக் கொஞ்சம் மடக்குங்க."

"முடியாது" என்றார் சரியண்ணன்.

"ஐயா, நீங்க வழியில படுத்திருக்கீங்க..."

"முடியாதுன்னா முடியாது."

மனைவி பேசினிலிருந்து எழுந்து வந்து, புறங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். "யோவ். இது நம்ம கதவுய்யா. இதுக்குச் சரி சொல்லலாம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சரி என்று சொல்லாமலே காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டார்.